காவிரி டெல்டாவில் புத்தர் தடம் தேடிப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெல்டாவில் நேரில் போய்ப் பார்க்கிற மாதிரி பழைய புத்தர் கோயில் ஒன்றாவது இருக்கிறதா?

சுவரும் கூரையுமாக நிற்பது ஒன்றுகூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சாஞ்சியையும் புத்தகயாவையும் மனதில் வைத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் வந்து இறங்குகிறவர்கள், மத்தியானத்துக்குள் சலித்துப்போய் வேளாங்கண்ணி பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இங்கே விகாரம் (புத்த பிக்குகள் தங்கிய மடம்) இருந்த இடம் ஓர் ஊரில், அதன் திருமேனிகள் இன்னோர் ஊரில், அதைப் பற்றிய சாசனம் வேறெங்கோ. நாகையில் சூடாமணி விகாரம் இருந்தது. அந்த ஊர் மண்ணில் கிடைத்த செம்புத் திருமேனிகள் சென்னை எழும்பூரில் இருக்கின்றன. விகாரத்துக்கு நிலம் கொடுத்த செப்பேடு கடல் கடந்துபோய் ‘லெய்டன் செப்பேடு’ என்றே பெயர் வாங்கிவிட்டது. மூன்றையும் மனதில் ஒட்டிப் பார்க்கத் தெரிந்தால் டெல்டா போலச் சுவையான பயணம் வேறில்லை. ஒட்டிப் பார்க்க மனமில்லாதவர்களுக்கு வெறும் திடலும் செங்கல்லும்தான்.

அப்படியானால் எதையெல்லாம் பார்க்கலாம்?

பூம்புகார்ப் பக்கம் அகழ்ந்தெடுத்த விகாரத்தின் அடித்தளம். நாகையில் விகாரமும் கோபுரமும் இருந்த வெளிப்பாளையம் பகுதி. ஊர்ப்புறங்களில் தனித்து உட்கார்ந்திருக்கும் கருங்கல் புத்தர்கள். இந்த மூன்றுதான் முக்கியம். கும்பகோணத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் சரியாக எங்கே இருந்தது?

கடல் கடந்த ஸ்ரீவிஜயத்தின் (சுமத்ராப் பக்கம்) அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் எடுத்த விகாரம் இது. முதலாம் ராஜராஜன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, இதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். பொன்மலையையே சிறிதாக்கும் உயரம் என்று செப்பேட்டின் வடமொழிப் பகுதி இதைப் புகழ்கிறது. அதில் புலவரின் பங்கு எவ்வளவு என்பதை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

இன்று “இதுதான் சூடாமணி விகாரம்” என்று கைகாட்ட ஒரு சுவரும் இல்லை. வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய இடங்களில் 1856 தொடங்கிப் பல ஆண்டுகளாகப் புத்தத் திருமேனிகள் மண்ணுக்கடியிலிருந்து வந்துகொண்டே இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 350. அதனால் விகாரங்கள் அந்த வட்டாரத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது தெளிவு. விகாரங்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு: குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேடு ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி என்று இரண்டு பெயர் சொல்கிறது.

‘சீனக் கோபுரம்’ என்கிறார்களே, அது வேறா?

வேறு. ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் இங்கே செங்கல்லும் மண்ணுமாக ஒரு கோபுரம் இருந்ததையும், அதில் 1267ஆம் ஆண்டுக்கு இணையான சீன ஆண்டு எழுதியிருந்ததையும் குறித்திருக்கிறார். இது அந்தக் கோபுரம்தான் என்று கொள்கிறார்கள்.

1846இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் வந்து பார்த்தபோது மூன்று நிலையோடு, நாற்சதுரமாக, சாந்து பூசாமல் நெருக்கி அடுக்கிய செங்கல்லோடு நின்றது. உள்ளே தளம் எதுவும் இல்லை. உச்சிவரை திறந்தே கிடந்தது. அவர் எடுத்த வரைபடம் இருப்பதால்தான் அதன் வடிவம் நமக்குத் தெரியும். 1867இல் அரசு அனுமதியோடு ஜெஸ்யூட் பாதிரிமார் அதை இடித்துச் செங்கல்லை எடுத்துக்கொண்டார்கள். கடலோடிகளுக்கு அடையாளமாக இருந்ததாயிற்றே, இடிக்க வேண்டாம் என்று அப்போதே குரல் எழுந்தது. ஆனாலும் இடித்தார்கள்.

இடம் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியது. வேலை நாளில் உள்ளே சுற்றிப் படம் எடுக்க நினைத்தால் காவலர் கேட்பார். கேட்பது அவர் கடமை. வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நகர்வது நல்லது.

ஒரு சின்ன ஆறுதல்: ஏமாற்றத்தோடு நிற்கும் முதல் பயணி நீங்கள் இல்லை. பர்மாவின் பெகு நகரத்துக் கல்யாணிக் கல்வெட்டு (1476) ஒரு கதை சொல்கிறது. கப்பல் உடைந்து கரையேறிய பிக்குகள் நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் என்ற மடம் ‘இருந்த இடத்தை’ப் பார்த்தார்கள்; சீன தேசத்து அரசன் சொல்லிக் கட்டிய குகையில் இருந்த புத்தரை வணங்கினார்கள். அவர்களுக்கே மடம் ‘இருந்த இடம்’தான் கிடைத்திருக்கிறது.

ஆனைமங்கலம் போகலாமா? அங்கே ஏதாவது உண்டா?

கீழ்வேளூர்ப் பக்கம் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. நாகை – திருவாரூர் வழியில் ஏறக்குறையப் பாதித் தூரத்தில் கீழ்வேளூர், அங்கிருந்து ஆட்டோ. நினைவுச் சின்னம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வயல், வாய்க்கால், வரப்பு அவ்வளவுதான்.

ஆனால் செப்பேட்டைப் படித்துவிட்டுப் போனால் அந்த வயலே வேறு மாதிரி தெரியும். பெரிய லெய்டன் செப்பேடு மொத்தம் 21 ஏடு. 5 வடமொழி, 16 தமிழ். தமிழ்ப் பகுதி முழுக்க ஏறக்குறையக் கணக்குப் பிள்ளை மொழி. 97 வேலிக்கு மேல் நிலம், அதிலிருந்து விகாரத்துக்கு 8,943 கலத்துக்குச் சற்று மேல் நெல். எல்லை குறிக்கப் பெண் யானையை நடத்திக்கொண்டு போனார்கள். அது சுற்றிவந்த கோடுதான் எல்லை. எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த ஊர் எல்லைக்கு மேற்கு என்று ஏடு ஏடாகப் போகிறது. சைவ அரசன், கடல் கடந்த அரசன் கட்டிய பௌத்த விகாரம், அதற்கு டெல்டா நெல். இதை வயல் வரப்பில் நின்று நினைத்துப் பார்ப்பதற்குத்தான் ஆனைமங்கலம்.

பூம்புகாரில் விகாரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மயிலாடுதுறையிலிருந்தோ சீர்காழியிலிருந்தோ பூம்புகார் பஸ். மயிலாடுதுறையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பஸ் நின்று நின்று போவதால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை நிறுத்தம் வரை போய்விடாதீர்கள். நடத்துநரிடம் “பல்லவனீச்சரம் கோயில்” என்று சொல்லி இறங்குங்கள். ‘புத்த விகாரம்’ என்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது. சிவன் கோயிலைக் கேட்டால் எல்லாருக்கும் தெரியும். விகாரம் இருக்கும் இடம் அதற்கு அக்கம்பக்கம்தான்.

1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த இடம் இது. வரிசையாகச் சிற்றறைகள், அவற்றுக்கு முன்னால் பொதுவான தாழ்வாரம், பக்கத்தில் வழிபாட்டுக் கட்டடம் என்று அடித்தளம் மட்டும் தெரியும். தரையிலிருந்து அதிகம் உயரம் இல்லாததால், “இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்” என்று முதல் ஐந்து நிமிடம் தோன்றும். இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் ஒரு செங்கல்லைப் பாருங்கள்: இன்றைய ஒன்பது அங்குலக் கல்லைவிடப் பெரிது, அகலம் தாராளம், உயரம் குறைவு. பிறகு ஒரு மூலையில் நின்று அறை அறையாக எண்ணிக்கொண்டு போங்கள். ஒரு பிக்குக்கு ஓர் அறை, படுத்தால் கால் நீட்டலாம், அதற்கு மேல் இடம் இல்லை. அது பிடிபட்டதும் மடம் கண்முன் எழுந்துவிடும். சுவர் மேல் மட்டும் ஏறாதீர்கள். மழையில் ஊறிய செங்கல் ஓரம் காலை வைத்தால் பொலபொலவென்று உதிரும்.

இங்கே கிடைத்தவற்றில் இரண்டு முக்கியம்: சிறிய செம்புப் புத்தர் ஒன்று, சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தபாதம் ஒன்று. புகாரின் உவவனம் என்ற சோலையில், பளிங்கு அறை ஒன்றில் பாதபீடிகை (புத்தரின் அடி பொறித்த பீடம்) இருந்ததாக மணிமேகலை சொல்வது நினைவிருக்கும். காப்பியத்துப் பீடிகை இதுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் புத்தரின் அடியை வணங்கிய ஊர் இது என்பதற்குக் கல்லே சாட்சி.

கீழையூர் என்று போட்டால் மேப் வேறெங்கோ கூட்டிப்போகிறதே?

இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. பூம்புகார்ப் பக்கம் ஒரு கீழையூர் இருக்கிறது. செங்கல் படகுத்துறை அகழ்ந்த இடம் அது. அங்கே கிடைத்த மரக்கட்டையைக் கரிமக் கணிப்பு செய்ததில் ஏறத்தாழ கி.மு. 4-3ஆம் நூற்றாண்டு என்று வந்தது. நாகை மாவட்டத்தில் வேளாங்கண்ணிப் பக்கம் இன்னொரு கீழையூர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அரை நாள் பயணம். மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

அதே மாதிரி புத்தமங்கலம் வேறு, பூதமங்கலம் வேறு. புத்தர் சிலை இருக்கும் புத்தமங்கலம் கீழ்வேளூர் வட்டாரம். பூதமங்கலம் என்ற பெயர் பாலி நூல்களில் வருகிறது. பௌத்த ஆசிரியர் புத்ததத்தர் அங்கிருந்த விகாரத்தில் உட்கார்ந்துதான் பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய விநிச்சயம் என்ற நூலை எழுதினார். பெயர் ஒலியை நம்பி வண்டியைத் திருப்பக் கூடாது. ‘பள்ளி’ என்று முடியும் ஊரெல்லாம் பௌத்த ஊர் என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. சமணப் பள்ளியும் பள்ளிதான்.

ஊர்ப்புறத்துப் புத்தர் சிலைகளை எப்படித் தேடுவது?

“புத்தர் சிலை எங்கே?” என்று கேட்காதீர்கள். பல ஊரில் அவருக்கு அந்தப் பெயரே இல்லை. மயிலாடுதுறைக்குத் தெற்கே பெருஞ்சேரியில் அவர் ‘ரிஷி’. வேறிடங்களில் முனி, சாமி. கும்பகோணம் பகவத் விநாயகர் கோயிலில் இருக்கும் உருவத்தைப் புத்தர் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கும்பிட வருகிறவர்களுக்கு அவர் பகவ ரிஷி.

டீக்கடையில் வயதானவர் ஒருவரைப் பார்த்து இப்படிக் கேளுங்கள்: “ஐயா, இங்க சம்மணம் போட்டு உக்காந்த மாதிரி, மடியில கை வச்ச மாதிரி பழைய கருங்கல்லு செலை ஒண்ணு இருக்காமே?” உடனே வழி வரும். வழி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: வாய்க்கால் மதகு தாண்டி, தோப்புக்கு உள்ளே, திடல் மேலே. டெல்டாவில் தண்ணீர் ஏறாத மேட்டில்தான் பழைய கட்டடம் இருந்திருக்கும் என்பதால் திடலைத் தேடுவது எப்போதும் பலன் தரும்.

பட்டீஸ்வரத்தில் கோபிநாதப் பெருமாள் கோயில் பக்கம் ஒரு புத்தர் உண்டு. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். முதல் முறை வருகிறவர்கள் இங்கிருந்து தொடங்கினால் தேடும் அலைச்சல் குறைவு.

புத்தரா, சமணத் தீர்த்தங்கரரா? இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே?

இருவரும் சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை வைத்து, காது தொங்க உட்கார்ந்திருப்பார்கள். உள்ளூர் ஆட்கள் மட்டுமா, அச்சில் வந்த படங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

முதலில் மார்பு. புத்தர் ஆடை உடுத்தியவர். இடது தோள் மேலிருந்து இறங்கி வலது அக்குளுக்கு அடியில் போகும் ஒரு மெல்லிய கோடு இருக்கும். சோழர் காலச் சிலையில் இது தடித்த மடிப்பாக இராது; நூல் பிடித்த மாதிரி விளிம்பு மட்டும் தெரியும். எண்ணெய் ஊறிய கல்லில் நேர் வெளிச்சத்தில் அது மறைந்துவிடும். கைபேசி டார்ச்சைத் தோளுக்குப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டின மாதிரி பிடியுங்கள். கோடு நிழல் விட்டுத் துலங்கும். மணிக்கட்டு, கணுக்கால் பக்கமும் ஆடை விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தீர்த்தங்கரருக்கு இந்தக் கோடு எங்குமே இருக்காது.

அடுத்து தலை உச்சி. புத்தருக்குச் சுருள் முடிக்கு மேல் ஒரு முடிச்சு, அதன் மேல் தீச்சுடர். நாகைத் திருமேனிகளில் இந்தச் சுடர் மிக அழகு. ஆனால் கற்சிலையில் முதலில் உடைவதும் இதுதான். எனவே சுடர் இல்லை என்பதால் சமணர் என்று முடிவு கட்டக் கூடாது. உச்சியில் உடைந்த தடம் இருக்கிறதா பாருங்கள்.

பிறகு குடை. தலைக்கு மேல் மூன்று அடுக்குக் குடை இருந்தால் தீர்த்தங்கரர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரு பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள் இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். அது இரு மரபிலும் வரும்.

தலை இல்லாத சிலை என்றால் மார்புக் கோடு ஒன்றே கதி.

சிலைக்கு வேட்டி கட்டி, விபூதி பூசி வைத்திருக்கிறார்கள். விலக்கிப் பார்க்கலாமா?

கூடாது. அவர் அருங்காட்சியகப் பொருள் ஆவதற்கு முன்பே அந்த ஊர்ச் சாமி. வேட்டி கட்டிய கைதான் இத்தனை காலம் அவரை யாரும் தூக்கிப்போகாமல் காத்திருக்கிறது. செருப்பைத் திடலுக்குக் கீழேயே விடுங்கள். படம் எடுக்கும் முன் “அண்ணே, படம் எடுத்துக்கலாமா?” என்று ஒரு வார்த்தை போதும், மறுத்தவர்கள் அபூர்வம். கோடு தெளிவாக வேண்டும் என்று சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்ப்பது பெரிய கெடுதல். தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம், டார்ச் போதும்.

“இது உங்க சாமி இல்லீங்க, புத்தர்” என்று ஊரில் பாடம் எடுக்காமல் இருப்பதும் மரியாதைதான்.

திடலில் நடக்கும்போது மண்ணில் சிலைத் துண்டு தென்பட்டால்?

தோண்டாதீர்கள், நகர்த்தாதீர்கள். இருந்த நிலையில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய். இன்றைக்கு எதுவுமே அதற்குள் அடங்காது. எடுத்துத் துடைத்து வீட்டில் வைத்தால் பொருளோடு அது கிடந்த மண்ணடுக்கின் சாட்சியமும் போய்விடும்.

எந்த மாதம் போவது?

பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை. வெயில் அடிக்காது, வரப்பு காய்ந்திருக்கும், சம்பா அறுவடை ஆனதும் வயலில் குறுக்கே நடந்து திடலுக்குப் போகலாம். ஊர்ச் சாலையில் நெல் காயப் போட்டிருப்பார்கள். வண்டியை அதன் மேல் ஏற்றாமல் ஓரமாக ஓட்டுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம். வாய்க்கால் வழிந்தால் திடல் தீவாகிவிடும், களிமண் செருப்பைப் பிடித்து இழுக்கும். சித்திரை, வைகாசியில் போகத்தான் வேண்டும் என்றால் காலை 6 முதல் 9 வரை, பிறகு மாலை 4க்கு மேல். சாய்ந்த வெயிலில் சிலையின் கோடுகளும் நன்றாகத் தெரியும். சித்ரா பௌர்ணமியை ஒட்டிப் பூம்புகாரில் கூட்டம் சேரும்.

இரண்டு நாளில் எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் கும்பகோணத்தில் தங்கி, காலையில் பட்டீஸ்வரம், திரும்பி வந்து கும்பேசுவரர் கோயில். இரவுக்குள் மயிலாடுதுறை. மறுநாள் விடிந்ததும் பூம்புகார், அங்கிருந்து தரங்கம்பாடி, காரைக்கால் வழியாகக் கடலோரமாகவே நாகை. பெருஞ்சேரியை முதல் நாள் மாலையில் செருகலாம். பகல் வெளிச்சம் இருந்தால் மட்டும். மூன்றாம் நாள் கையில் இருந்தால் கீழ்வேளூர் சுற்றுவட்டாரம். பஸ்ஸை நம்பினால் ஊர்ப்புறச் சிலைகளில் நாளுக்கு இரண்டுக்கு மேல் ஆகாது; மினி பஸ் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒத்துவராது. மயிலாடுதுறையில் ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்வது உத்தமம். காத்திருப்புக்கும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

கும்பேசுவரர் கோயிலில் பௌத்தத்துக்கு என்ன வேலை?

தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் காலத்து, 1580ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. வாய்க்கால் வெட்டியதில் ‘திருவிளந்துறை புத்தர் கோயில்’ சார்ந்த நிலம் போனதற்கு ஈடு கொடுத்த செய்தி அது. நாகை விகாரத்துக்கு ராஜராஜன் நிலம் கொடுத்து 570 ஆண்டு கழிந்த பிறகும் கும்பகோணத்துப் பக்கம் ஒரு புத்தர் கோயில் நடப்பில் இருந்தது, அதன் நிலத்துக்கு ஈடு கேட்க ஆள் இருந்தது என்று பொருள். கோயிலில் வழிகேட்கும்போது புத்தர் என்று தொடங்காமல் “நாயக்கர் கல்வெட்டு” என்று கேளுங்கள். கோயில் மதியம் நடை சாத்துவார்கள். 11 மணிக்குள் போய்விடுங்கள்.

செம்புத் திருமேனிகளை எங்கே பார்ப்பது?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடம். வெள்ளிக்கிழமை விடுமுறை. முடிந்தால் டெல்டாவுக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்: சுடர், ஆடைக் கோடு, தாமரைப் பீடம் எல்லாம் முழுசாக இருப்பதைக் கண் ஒரு முறை பழகிவிட்டால், திடலில் மூக்கு உடைந்து உட்கார்ந்திருப்பவரிடம் என்ன தேட வேண்டும் என்று தெரியும்.

நாகையிலிருந்து கப்பலில் போய் மணிபல்லவத்தையும் பார்க்கலாமா?

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. மழைக்காலத்திலும் கடல் கொந்தளிக்கும்போதும் நிறுத்துவார்கள். பயணச்சீட்டு உறுதியான பிறகே மற்ற ஏற்பாடு செய்யுங்கள். பாஸ்போர்ட்டும் இலங்கை நுழைவு அனுமதியும் வேண்டும். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவத் தீவு என்று பலர் கருதுவது நயினாதீவை. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவான் துறைக்கு பஸ், அங்கிருந்து படகு. தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வெள்ளை உடுப்பு, மூடிய தோள், செருப்பும் தொப்பியும் வெளியே. புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தால் அங்கே கடுமையாகவே சொல்வார்கள்.